கண்ணை மூடிக்கொள்ளும் ரயில்

போன வாரம் என் மகள் சோபாவில் படுத்தபடியே கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கதைப் புத்தகத்துக்குள் நுழைந்தது போல இருக்கும் ஊர்கள் என்று யாரோ படம் படமாகப் போட்டிருந்தார்கள். ஏரிக்கு நடுவே ஒரு கோட்டை. கூரையெல்லாம் பனி மூடிய ஒரு கிராமம். தண்ணீரே தெருவாக ஓடும் ஒரு நகரம். ஆண்டு இறுதி விடுமுறையில் அவளுடைய மாமா, அதாவது என் தம்பி, அதில் ஏதாவது ஒன்றுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே, "அம்மா, நீங்க இந்த மாதிரி ஃபேரி டேல் ப்ளேஸ் எதுக்காச்சும் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"போயிருக்கேனே. புக்கிட் பாஞ்சாங்."

அவள் சிரித்த சிரிப்பில் கைப்பேசி நழுவிக் கீழே விழுந்தது. சிங்கப்பூரில் செங்காங்கில் வளரும் பிள்ளைக்கு, இதே ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் புக்கிட் பாஞ்சாங் என்றால் இன்னும் கொஞ்சம் அடுக்குமாடிப் புளோக்குகள், அவ்வளவுதான். நானும் சிரித்துவிட்டு சாமி விளக்கை ஏற்றப் போய்விட்டேன். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. தேக்கா சந்தையை ஒட்டிய புளோக்கில் ஏழாவது மாடியில் இருந்தோம். ஜூன் விடுமுறையில் மலேசியாவில் இருக்கும் கெந்திங் மலைக்குப் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்த வருஷம் முருகன் புண்ணியத்தில் கிடைத்திருந்தது. பேருந்தில் இடமும் பிடித்தாகிவிட்டது. கம்பியில் தொங்கிக்கொண்டு மேகத்துக்குள்ளேயே போகும் பெட்டி ஒன்று இருக்கிறது, மேலே போனால் வாயைத் திறந்தாலே புகை வரும் என்று வகுப்புத் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். நான் தினமும் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அம்மா படுத்துவிட்டார்.

"அம்மாவுக்கு வயிறு சரியில்ல. டாக்டர் அசையாம படுத்திருக்கச் சொல்லிட்டாரு. கெந்திங் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

விஷயம் என்னவென்றால், அம்மா மாசமாக இருந்தார். எனக்குப் பிறகு இரண்டு தடவை உண்டாகி இரண்டுமே தங்கவில்லை. முதல் தடவை ஊரெல்லாம் சொல்லி இனிப்புக் கொடுத்தார்களாம். அதனால்தான் கண் பட்டுவிட்டது என்பது அத்தையின் தீர்ப்பு. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ஆகவே இந்த முறை யாரும் மூச்சு விடக் கூடாது, முக்கியமாக எனக்குத் தெரியவே கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். என் வாயில் எதுவும் நிற்காது என்பது அந்த மின்தூக்கியில் ஏறி இறங்கும் எல்லாருக்கும் தெரிந்த உண்மை.

அத்தை பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். வந்த நிமிஷமே அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கட்டிலில் தாவி ஏறினால் "ஏறாதடி! தள்ளி நில்லு!" அம்மா வயிற்றில் தலை வைக்கப் போனால் "அங்க வேணாம், தலைமாட்டுக்குப் போ!" தண்ணீர் எடுக்க அம்மா காலைக் கீழே வைத்தால்கூட அத்தை பாய்ந்து வருவார். போன மாதம்வரை என்னோடு சந்தைக்கு ஓடி வந்த அம்மா, இப்போது கட்டிலோடு கட்டிப் போட்டது போலக் கிடந்தார். கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றும். யாரோ மந்திரம் போட்டிருக்கிறார்கள். யார் போட்டிருப்பார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாரே.

நான் அழுது அழுது வீட்டை இரண்டாக்கிய ஒரு நாளில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கிராஞ்சியில் ஆர்க்கிட் பூ வளர்க்கும் நர்சரி ஒன்றில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளை இல்லை. அதனால் என்னை 'மருமகளே' என்று கூப்பிடும்போது அந்த ஒரு சொல்லிலேயே எல்லாச் செல்லத்தையும் கொட்டிவிடுவார்.

"கெந்திங்ல என்னா இருக்கு? குளிரு. அது என் வீட்டு ஐஸ்பெட்டியிலயும் இருக்கு. நீ எங்க ஊருக்கு வா மருமகளே. ஆளே இல்லாம ஓடுற ரயில் இருக்கு லா."

"பொய்."

"ஓட்டுறவன நீ எனக்குக் காட்டிட்டா, இந்த மீசைய எடுத்துடுறேன்."

அந்த மீசைமேல் எனக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு. பள்ளிப் பையில் இரண்டு கவுனைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புக்கிட் பாஞ்சாங்கில் அந்தக் குட்டி ரயில் அப்போதுதான் புதிதாக ஓடத் தொடங்கியிருந்தது. தரையில் இல்லை, மரங்களுக்கு மேலே, புளோக்குகளுக்கு நடுவே, ஆகாயத்தில். மாமா என்னை முன்பக்கக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். உண்மையாகவே ஓட்டுநர் இருக்கை இல்லை. கதவு தானாக மூடியது. ரயில் தானாகக் கிளம்பியது. தண்டவாளம் எங்கள் காலடியில் வளைந்து வளைந்து வந்துகொண்டே இருந்தது.

நிறுத்தங்களின் பெயர்கள் எல்லாம் மலாய். மாமாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பெட்டிர் என்றால் இடி. ஃபஜார் என்றால் விடியல். செஞ்சா என்றால் அந்தி. "இப்ப இடியத் தாண்டிட்டோம். அடுத்தாப்ல விடியல் வரும், பயப்படாத" என்றார். ஒரே சுற்றில் இடியையும் விடியலையும் அந்தியையும் தாண்டிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். இப்படி ஓர் ஊரை எந்தக் கதையில் கேட்டிருக்கிறேன்?

அதைவிடப் பெரிய அதிசயம் நடுவழியில் நடந்தது. ஒரு புளோக்கை உரசுவது போல ரயில் போனது. மூங்கில் கம்பில் காயும் துணி, வாசலில் ஒரு பூனை, யாரோ ஒருவரின் சமையலறை விளக்கு, இதையெல்லாம் எட்டிப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். சட்டென்று ஜன்னல் கண்ணாடி பாலாக வெளுத்துவிட்டது. எதுவும் தெரியவில்லை. புளோக் தாண்டியதும் பழையபடி தெளிந்துவிட்டது.

"என்னாச்சு மாமா?"

"ரயிலு கண்ண மூடிக்கிச்சு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கலாமா? மரியாத தெரிஞ்ச ரயிலு."

எனக்கும் அந்த மரியாதை வரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அன்று எத்தனை சுற்று கேட்டேனோ அத்தனை சுற்றும் கூட்டிப்போனார். மாமி வேலை முடிந்து வீடு திரும்பியபோதும் நாங்கள் இன்னும் ரயிலில்தான் இருந்தோம்.

ஆனாலும் படுக்கும்போது அம்மா நினைவு வந்துவிட்டது. அம்மா எப்போது எழுந்திருப்பார் என்று கேட்டேன். மாமாவுக்கு நேராகப் பொய் சொல்ல வராது. அதனால் கதை சொன்னார்.

ஓர் ஊரில் ஒரு ராணி. மந்திரத்தால் கோபுரத்து உச்சியில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவளுக்கு ஒரு சின்ன மகள். அந்தப் பெண் இடியைத் தாண்டி, விடியலைத் தாண்டி, அந்தியைத் தாண்டி, பனி மூடிய ஒரு தோட்டத்துக்குப் போனாள். பூவெல்லாம் மண்ணே இல்லாமல் காற்றில் வளரும் தோட்டம் அது. அங்கே ஒரே மரத்தில் ஒரே ஒரு தங்கக் கனி. அதைப் பறித்துக்கொண்டு போய்த் தாய்க்குக் கொடுத்தாள். ஆனால் ஒரு விதி. வழியில் அதை யாருக்கும் காட்டக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. மீறினால் கனி கல்லாகிவிடும்.

"கொடுத்தப்புறம்?" என்றேன்.

"ராணி சாப்பிட்டா… எந்திரிச்சு நின்னா" என்று கொட்டாவிக்கு நடுவே சொல்லிவிட்டு மாமா தூங்கிப்போனார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மறுநாள் லாரியில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து என்னைக் கிராஞ்சிக்குக் கூட்டிப்போனார். போகப் போகப் புளோக்குகள் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. சிங்கப்பூரில் கட்டடமே இல்லாத சாலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நர்சரியில் கறுப்பு வலைக்கூரைக்குக் கீழே ஆர்க்கிட் செடிகள் வரிசை வரிசையாகக் கம்பியில் தொங்கின. வேர்கள் கீழே வெறும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மண் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கோ 'உஸ்' என்று ஒரு சத்தம். மேலே இருந்த குழாய்களிலிருந்து பூந்தூறல் இறங்கி, தோட்டம் முழுவதும் பனிமூட்டமாகிவிட்டது. மாமா தன் வேலையிடத்தைத்தான் கதையில் வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. கதைதான் உண்மை என்று தோன்றியது.

ஆகவே கனியைத் தேடினேன். வேலி ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தனியாக ஒரு மரம் நின்றது. அதன் உச்சியில் ஒரே ஒரு பழம், முழுக்க மஞ்சளாக, வெயிலில் பொன்போல மின்னியது.

பப்பாளி.

எங்கள் வீட்டில் அந்தப் பழம் வருவதே இல்லை. கீழே சந்தையில் மலைபோலக் குவித்திருந்தாலும் அம்மா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் பார்த்ததெல்லாம் சாப்பாட்டுக் கடையில் வெட்டி வைத்திருக்கும் துண்டுகள்தான். ஒரு முழுப் பழம் மரத்தில் தொங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அங்கே வேலை செய்த புதுக்கோட்டை அண்ணன் ஒருவரிடம் அந்தப் பழம் வேண்டும் என்றேன். "யாருக்குப் பாப்பா?" என்றார். பேசக் கூடாது என்பது பறித்த பிறகுதானே என்று கணக்குப் போட்டு, "அம்மாவுக்கு" என்றேன். "அப்ப இதுதான் குடுக்கணும். தேன் கணக்கா இருக்கும்" என்று, கம்பால் தட்டித் துண்டில் ஏந்திக் கொடுத்தார். நான் அதைக் கவுனில் சுற்றிப் பள்ளிப் பைக்குள் வைத்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகவேண்டும் என்று அடம் பிடித்தேன். ரயிலில் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மாமா "கனமா இருக்கே, குடு" என்றார். தலையை ஆட்டினேன். "என்னா மருமகளே, வாயில கொழுக்கட்டையா?" அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஜன்னல் வெளுத்துக்கொண்டது. ரயிலும் என் பக்கம்தான் என்று தைரியம் வந்தது.

வீட்டுக் கதவைத் திறந்தது அத்தை. "கால கழுவிட்டு உள்ள போடி" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அறைக்குள் புகுந்துவிட்டேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இளைத்திருந்தார். பையைத் திறந்து இரண்டு கையாலும் பழத்தை ஏந்தி நீட்டினேன்.

"அம்மா, இதச் சாப்பிடுங்க. நீங்க எந்திரிச்சுடுவீங்க."

அம்மா பழத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பின்னால் வந்த அத்தைதான் அலறினார்.

"ஐயோ முருகா! என்னாத்தடி கொண்டாந்திருக்கே? இந்த நேரத்துலயா!"

மாசமாக இருப்பவள் பப்பாளியைத் தின்றால் வயிற்றில் பிள்ளை தங்காது என்பது எங்கள் ஜனங்களிடம் கல்லில் வெட்டிய பேச்சு. மாசமாக இருப்பவள் இருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டு வருவதே பாவம் போல. எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அத்தை பழத்தைப் பிடுங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்து, "ஒனக்கு அறிவு இருக்கா தம்பி? ஒலகத்துல வேற பழமே கெடைக்கலியா?" என்றார். மாமா உள்ளே வந்து பார்த்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. பையில இருந்துச்சு லா" என்றார். அப்பா சமையலறையிலிருந்து ஓடி வந்து, கையில் கரண்டியோடு நின்றார்.

அத்தை சமையலறைக் குப்பைக் குழாயை நோக்கி நடந்தார். அதில் போட்டால் ஏழு மாடிக்குக் கீழே போய் விழும். என் பழம், இடியையும் அந்தியையும் தாண்டி வந்த பழம். நான் கத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். கதவோரத்தில் வெறும் கையை நீட்டியபடியே நின்றேன். காவல்காரி கண்ணில் பட்டுவிட்டது, இனி அது கல்தான் என்பது மட்டும் புரிந்தது.

"அண்ணி" என்றார் அம்மா கட்டிலில் இருந்தே. "அத சாமிகிட்ட வைங்க."

"என்னாம்மா சொல்றே?"

"பிள்ள கொண்டாந்தது. சாமிகிட்ட வைங்க."

சாமிக்கு என்று சொன்ன பிறகு அத்தையால் எறிய முடியவில்லை. அப்பா பழத்தை வாங்கிக் கழுவி நறுக்கினார். கூடத்து முருகன் படத்துக்கு முன்னால் தட்டில் வைத்துச் சூடம் காட்டினார். அறைக் கதவைத் திறந்து வைத்ததால் அம்மா படுத்தபடியே கையைக் கூப்பினார். பிறகு, "எனக்குக் குடுங்க" என்றார்.

"வெளையாடாதே" என்றார் அத்தை. குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது.

"சாமிக்கு வச்சாச்சு அண்ணி. இனிமே அது பழமில்ல, பிரசாதம். பிரசாதத்த வேணாம்னு சொல்லலாமா?"

அத்தை வாழ்க்கையில் எந்தக் கோயில் பிரசாதத்தையும் வேண்டாம் என்று சொன்னவர் இல்லை. சர்க்கரை வியாதியோடு பஞ்சாமிர்தத்தை இரண்டு தடவை வாங்குகிறவர்.

அப்பா ஒரு துண்டை எடுத்து, அதில் நகத்தளவு கிள்ளிக் கொண்டுபோனார். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டு மென்று விழுங்கினார். "இனிப்பா இருக்கு கண்ணு" என்றார் என்னிடம். பிறகு, "எல்லாருக்கும் குடுங்க" என்றார் அப்பாவிடம். அப்பா சாப்பிட்டார். மாமா சாப்பிட்டார். அத்தை, "முருகா, நீதான்" என்று சொல்லிக் கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கினார். நான்தான் நிறையச் சாப்பிட்டேன். தேன்தான்.

ராணி எழுந்து நிற்பதற்காகக் காத்திருந்தேன். அம்மா எழவில்லை. மாமாவைச் சுரண்டிக் கேட்டதற்கு, "மெதுவா வேல செய்யிற பழம் லா, மருமகளே" என்றார். சிரிக்கவில்லை. அன்று மாமா புக்கிட் பாஞ்சாங்குக்குத் திரும்பவும் இல்லை. அப்பா இரவு ஷிப்டுக்குப் போகவில்லை. அத்தை அம்மாவின் கட்டிலை ஒட்டிப் பாயை விரித்தார். எல்லாரும் என்னைப் போலவே ராணி எழுவதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை.

பழம் மெதுவாகத்தான் வேலை செய்தது. தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் விளக்கலங்காரம் போட்டபோது அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். ஆண்டு முடிவதற்குள் வீட்டில் ஓயாமல் அழும் ஒரு ஆள் வந்து சேர்ந்தான். நான் கேட்டது அம்மா எழுந்து நடக்க வேண்டும் என்பதுதான். இவனை யார் கேட்டது என்று எனக்கு வெகுநாள் வரை விளங்கவில்லை. அதற்குப் பிறகு வந்த தைப்பூசம் ஒன்றில் அம்மா பால்குடம் எடுத்தார். எல்லாம் முருகன் செயல் என்றார் அத்தை. எல்லாம் பப்பாளி செயல் என்றார் மாமா. நான் மாமா கட்சி.

அந்தக் கட்சியில் நான் பல வருஷம் இருந்தேன். என் மகள் என் வயிற்றில் இருக்கும்போது ஒரு நாள் என் வீட்டுக்காரர் கீழ்க் கடையிலிருந்து வெட்டிய பப்பாளி வாங்கி வந்து மேசையில் வைத்திருந்தார். என்னைப் பார்க்க வந்த அம்மா அதைப் பார்த்ததும், அச்சு அசல் அத்தையின் குரலில், "ஐயோ முருகா!" என்றார். பையோடு தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக் குழாயில் போட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பழுத்தது ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரும்மா. நீங்களே சாப்பிட்டவங்கதானே?"

"டாக்டருக்கு என்னா தெரியும்?" என்றார் அம்மா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே. "அன்னிக்குக் கதவுகிட்ட நீ நின்ன நெலைய நீ பாக்கலயேடி."

"பயமா இல்லையாம்மா?"

"பயமில்லாமயா? மூணாவது தடவ." குழாயை மூடினார். "ஆனா அந்தப் பிள்ளையும் தங்காமப் போயிருந்தா, நீ கொண்டாந்த பழத்தாலதான்னு ஒன்ன யாராச்சும் ஒரு நாளு ஒரு வார்த்த சொல்லிடுவாங்களே. அதான் சாமிக்கு வச்சு, எல்லாரையும் தின்ன வச்சேன். கூடச் சேந்து தின்னவங்க அப்புறம் வாயத் தொறக்க முடியாதுல்ல?"

கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல எனக்குச் சாதம் போடத் தொடங்கிவிட்டார்.

நான் பழம் கொண்டுவந்த அந்த இரவு, விடியும்வரை அம்மா வயிற்றில் கை வைத்தபடியே கிடந்தாராம். அப்பா கூடத்தில் முருகன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாராம். பாயில் அத்தை, வாசலில் மாமா. இடியும் அந்தியும் தாண்டிக் கொண்டுவந்த கனியை ராணிக்குக் கொடுத்துவிட்ட நிம்மதியில், அன்று அந்த வீட்டில் கண்ணை மூடியது நான் ஒருத்திதான்.